பிறக்கப்போகும் குழந்தைக்கும் வீட்டுச் சுவருக்கும்: எதில், எப்படிப் பூத்தையல் போடலாம்?

"அக்காவுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் குழந்தை பிறக்கப்போகிறது. கையால் ஏதாவது தைத்துக் கொடுக்க ஆசை. ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். குழந்தைக்கு என்ன செய்யலாம்? அதே கையோடு வீட்டை அழகுபடுத்தவும் ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த நான்கு தையலே தாராளமாகப் போதும். கூடவே இலை வடிவத்துக்கு லேசி டெய்சி ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். அது தனியாக நிற்கும் ஒரு சங்கிலிக் கண்ணிதான், அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். நான் பார்த்த வரையில் குழந்தைக்குத் தைத்த பரிசுகள் வீணாகப் போவதற்குத் தையல் தெரியாதது காரணமாக இருந்ததில்லை. எந்தத் துணியில், எந்த இடத்தில் போடுகிறோம் என்று யோசிக்காமல் தொடங்குவதுதான் காரணம். நெஞ்சு முழுக்க அடர்த்தியாகப் பூ வேலை செய்த அழகான சட்டை, ஒருமுறை போட்டுப் படம் எடுத்ததும் பீரோவுக்குள் போய்விடும். ஓரத்தில் ஒரே ஒரு இலை போட்ட துவாலை தினமும் தோய்ந்து, தினமும் காய்ந்து, குழந்தையோடு இரண்டு வருடம் வாழும்.

நாம் எல்லோரும் எம்ப்ராய்டரியை முன்பக்கம் பார்த்தே பழகியிருக்கிறோம். ஆனால் குழந்தையின் தோலில் படுவது பின்பக்கம். அங்கேதான் முடிச்சு இருக்கும், வெட்டிய நூல் நுனி இருக்கும், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவிய நூல் நீளமாகக் கிடக்கும். உங்கள் தையலின் பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே குத்தினால் அது குழந்தைக்கு வேண்டாம்.

முடிச்சே இல்லாமல் தொடங்க ஒரு எளிய வழி இருக்கிறது. எம்ப்ராய்டரி நூலில் 6 இழைகள் முறுக்கியிருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி இரண்டு முழ நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதை இரண்டாக மடித்து, வெட்டிய இரண்டு நுனிகளையும் சேர்த்து ஊசியில் கோத்தால் மறுமுனையில் ஒரு கண்ணி நிற்கும். ஊசியைத் துணியின் பின்னாலிருந்து மேலே எடுத்து, கண்ணியின் வால் பின்னால் கொஞ்சம் மிஞ்சும்படி விட்டு, ஒரு சின்னத் தையல் போட்டுக் கீழே இறக்குங்கள். துணியைத் திருப்பி, அந்தக் கண்ணிக்குள் ஊசியை நுழைத்து இழுத்தால் நூல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முடிக்கும்போது, பின்பக்கத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும் நாலைந்து தையல்களுக்கு அடியில் ஊசியை ஓட்டி, ஒரு தையலைச் சுற்றித் திரும்பி, நறுக்கிவிடுங்கள். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடையே ஒரு விரல்கடைக்கு மேல் இடைவெளி இருந்தால் நூலை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முடித்துவிட்டு அங்கே புதிதாகத் தொடங்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் அப்படி இழுபட்டுக் கிடக்கும் நூலில்தான் பிஞ்சு விரல்கள் மாட்டும்.

இதனால்தான் குட்டிக் கையுறையிலும் காலுறையிலும் எம்ப்ராய்டரி போட வேண்டாம் என்கிறேன். கேட்டால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே தொங்கும் ஒரு இழை விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுபோகலாம், கையுறைக்குள் நடப்பது வெளியே தெரியவும் தெரியாது. அதேபோல 3 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கான எதிலும் மணி, சமிக்கி, பொத்தான், ஒட்டுக் கல் எதுவும் கூடாது. எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் ஒருநாள் பிய்ந்து வாய்க்குள் போகும். பூவின் நடுவில் மணி வைத்தால் அழகாக இருக்குமே என்று தோன்றும் இடத்தில் இரண்டு இழையில் நாலைந்து குட்டித் தையலைப் பக்கம் பக்கமாகப் போடுங்கள்.

இன்னொன்று. குட்டித் தலையணையும் மெத்தென்ற போர்வையும் தைத்துக் கொடுக்கத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2022-இல் வெளியிட்ட உறக்கப் பரிந்துரைகள், குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை, தளர்வான போர்வை, தொட்டில் ஓரத்தில் கட்டும் மெத்தைத் தடுப்பு, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்கின்றன. முதல் ஒரு வருடம் குழந்தையின் மூச்சுக்கு அது ஆபத்து. ஆகவே போர்வை தைத்தால் மடியில் வைத்திருக்கும்போதோ தரையில் விரித்து விளையாடும்போதோ பயன்படுத்தட்டும். அதையும் அக்காவிடம் சொல்லியே கொடுங்கள்.

அப்படியானால் எதில் போடலாம்?

என் முதல் தேர்வு, தோளில் போட்டுக்கொள்ளும் துணி. பால் குடித்த குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டும்போது அடியில் இருக்குமே, அது. மஸ்லினோ இரட்டை அடுக்குப் பருத்தித் துணியோ போதும். கைக்குட்டையைவிடப் பெரிய நீள்சதுரமாக வெட்டி, ஒரு மூலையில் மட்டும் வேலைப்பாடு செய்யுங்கள். இரண்டு அடுக்குத் துணியென்றால் மேல் அடுக்கில் முதலில் எம்ப்ராய்டரி போட்டுவிட்டு, அப்புறம் அடி அடுக்கை வைத்து மூட்டிவிடலாம். பின்பக்க நூல் முழுக்க உள்ளே மறைந்துவிடும். சட்டை நனையாமல் குழந்தையின் கழுத்தில் கட்டும் பிப்புக்கும் இதே வழிதான். அரை டஜன் தைத்தாலும் அத்தனையும் பயன்படும், ஏனென்றால் ஒரு நாளைக்கு நாலைந்து நனையும்.

அடுத்தது, தலைமூடி வைத்த குளியல் துண்டு. டர்க்கி டவலில் நேரடியாகத் தைத்தால் அதன் கண்ணிகளுக்குள் தையல் புதைந்துபோகும். டவலின் ஓரத்தில் கண்ணி இல்லாமல் தட்டையாக ஒரு பட்டை ஓடுமே, அதில் தைக்கலாம். இல்லையென்றால் பருத்தித் துணியில் ஒரு நாடா தைத்து, அதில் வேலைப்பாட்டை முடித்து, பிறகு டவலில் வைத்துத் தைத்துவிடுங்கள்.

சட்டை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பிறந்த குழந்தை அளவில் வாங்காதீர்கள், ஒரு மாதத்திலேயே சின்னதாகிவிடும். 6 மாதத்துக்கு மேற்பட்ட அளவில் எடுங்கள். குழந்தைச் சட்டைகள் பெரும்பாலும் பனியன் துணி, இழுத்தால் இழுபடும். அப்படியே எம்ப்ராய்டரிக்கான வட்ட ஃப்ரேமில் மாட்டி இறுக்கித் தைத்தால், ஃப்ரேமைக் கழற்றியதும் துணி பழைய அளவுக்குச் சுருங்கும், நூல் சுருங்காது, படம் முழுக்கச் சுருக்கம் விழும். அதனால் துணி இழுபடாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் என்ற தாளைப் பின்னால் வைத்துத் தைக்க வேண்டும். நீரில் கரையும் வகை என்றால் வேலை முடிந்ததும் அலசினாலே போய்விடும். துணியை இழுக்காமல், சும்மா தட்டையாக இருக்கிற அளவுக்கு மட்டும் ஃப்ரேமில் பிடியுங்கள். முனை மழுங்கிய பனியன் ஊசியைப் பயன்படுத்தினால் துணியின் கண்ணி அறுந்து ஓட்டை விழாது. முடித்தபின் பின்பக்கத்தில், இஸ்திரி போட்டால் ஒட்டும் மெல்லிய மென்துணியை ஒட்டிவிடுங்கள். கழுத்துப் பட்டையின் ஓரத்தில் நாலு இலை, சட்டைப் பையின் மேல் ஒரு முயல் காது, அவ்வளவு போதும்.

உங்கள் கைத்திறனுக்கு அருமையாகப் பொருந்தும் இன்னொன்று, கறுப்பு வெள்ளைத் துணிப் புத்தகம். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். வெளிர் ரோஜாவும் வெளிர் நீலமும் அதன் கண்ணுக்கு மங்கல், அழுத்தமான வேறுபாடுதான் பிடிபடும். வெள்ளைப் பருத்தியில் கறுப்பு நூலால் தடித்த சங்கிலித் தையலில் ஒரு வட்டம், ஒரு சுருள், ஒரு முகம், நாலு கோடு, ஒரு மீன் என்று பக்கத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். கை அகலச் சதுரமாக ஆறு பக்கம் போதும். பக்கங்களை இரண்டிரண்டாக முதுகு சேர்த்துத் தைப்பதால் பின்பக்கம் தானாகவே உள்ளே போய்விடும். குழந்தை பார்க்கும், பிசையும், கடைசியில் கடிக்கும். அதனால் கறுப்பு நூலின் சாயத்தை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

சாயத்தைச் சொன்னதும் என் அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தோழியின் குழந்தைக்காக வெள்ளை மஸ்லினில் சிவப்பு நூலால் மாதுளம்பூ தைத்தேன். பதினைந்து நாள் வேலை. கடைசியில் வரைந்த கோட்டைப் போக்க அலசிப் பிழிந்து, சுருட்டி வைத்துவிட்டு மறந்துபோனேன். காலையில் பிரித்தால் பூவைச் சுற்றி ரோஜா நிறத்தில் கறை, மடிப்புக்கு மடிப்பு அச்சு. அன்று அழுதே விட்டேன். அப்போதிலிருந்து சிவப்பு, கருநீலம், கறுப்பு நூல் எதுவானாலும் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பார்த்த பிறகுதான் ஊசியில் கோக்கிறேன். உங்களுக்கும் எப்போதாவது சாயம் இறங்கினால், அதைக் காயவிடாதீர்கள். காய்ந்தால் கறை நின்றுவிடும். ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். துணியையும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள். புதுப் பருத்தி முதல் துவையலில் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் பூவைச் சுற்றித் துணி கூடிக்கொள்ளும்.

படத்தைத் துணிக்கு மாற்ற, பகல் வெளிச்சம் விழும் சன்னல் கண்ணாடியில் படத்தை ஒட்டி, மேலே துணியை ஒட்டி வரைந்தால் போதும். தண்ணீரில் அழியும் பேனாவால் வரைந்தால், அலசிப் போக்குவதற்கு முன் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். சூடு பட்டால் அந்த நீலக் கோடு நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனா இதற்கு நேர் எதிர், இஸ்திரி போட்டால் மறையும், ஆனால் கடுங்குளிரில் மறுபடி தலைகாட்டும்.

சரி, பெயருக்கு வருவோம். பெயர் தைத்த பொருளுக்கு இருக்கிற மதிப்பே தனி. தமிழிலேயே தையுங்கள் என்று மனதாரச் சொல்வேன். நம் எழுத்துகள் வளைந்து நெளிந்து போவதால் நூலுக்கு அவ்வளவு இணக்கமாக வரும். எடுத்துக்காட்டாக 'மகிழன்' என்று தைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தின் உயரம் 2 சென்டிமீட்டராவது இருக்கட்டும். அதைவிடச் சின்னதாகப் போனால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். இரண்டு இழை நூலில் பின் தையல் போடுங்கள். 'ம'வின் நேர்கோட்டில் ஒரு தையல் 3, 4 மில்லிமீட்டர் இருக்கலாம், வளைவு வந்ததும் 2 மில்லிமீட்டருக்குக் குறைத்துவிடுங்கள். வளைவில் நீளத் தையல் போட்டால் வட்டம் பலகோணமாகிவிடும். முழு எழுத்தும் முடிந்ததும், அதே நிற நூலைக் கோத்து, துணியில் குத்தாமல், ஒவ்வொரு பின் தையலுக்கு அடியிலும் ஒரே பக்கமாக நுழைத்துச் சுற்றிக்கொண்டே வாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்த கோடு, கயிறு திரித்த மாதிரி வழுவழுவென்று ஒரே ஓட்டமாக மாறும். அந்த மாற்றத்தை முதல்முறை பார்க்கும்போது உங்களுக்கே நம்ப முடியாது.

'ழ'வில் நிதானம் வேண்டும். கீழ்ச் சுழி கொஞ்சம் தடம் மாறினாலும் 'மு' மாதிரி தெரியும். அதனால் பேனாக் கோடு அழிவதற்குள் அந்தச் சுழியை முதலில் தைத்துவிடுவது என் பழக்கம். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வித்தியாசமும் அப்படித்தான், மேல் சுழியை நூல் அடைத்துவிட்டால் நெடில் குறிலாகிவிடும். கடைசியில் 'ன்'னின் புள்ளி. அதை விட்டுவிட்டால் பெயரே மாறிவிடும், ஆனால் பலரும் அவசரத்தில் மறப்பது அதைத்தான். சுவரில் மாட்டும் பொருளென்றால் அந்தப் புள்ளிக்கு, ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் ஒரு பிரெஞ்சு முடிச்சு போடுங்கள், நிமிர்ந்து அழகாக நிற்கும். பிப், சட்டை என்றால் முடிச்சு வேண்டாம், நாலைந்து குட்டித் தையலைப் பக்கம் பக்கமாகப் போட்டு நிரப்பிவிடுங்கள். தமிழில் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் தொடர்பில்லை என்பதால் பின்னால் நூல் தாவும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காமல் எழுத்துக்கு எழுத்து முடித்து முடித்துப் போங்கள்.

இனி வீட்டுக்கு. இங்கே உங்கள் கை சுதந்திரமாக ஓடலாம். மணி வைக்கலாம், முடிச்சு போடலாம், பின்பக்கம் எப்படி இருந்தாலும் யாருக்கும் வலிக்காது. பார்க்க வேண்டியது வெயிலை மட்டும்தான். நேர் வெயில் விழும் சுவரில் மாட்டினால் எந்த நூலும் வெளுக்கும்.

குஷன் உறை, மேசை விரிப்பு, திரைச்சீலை என்று தேர்வு நிறைய. என் யோசனை, ஓர் அறைக்கு ஒரே நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் கோட்டோவியமாக மட்டும் தைக்கும் 'ரெட்வொர்க்' பாணி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவலானதற்குக் காரணமே, துவைத்தால் போகாத டர்க்கி சிவப்புச் சாயம் ஏறிய நூல் கிடைத்ததுதான். அதற்குத் தேவை பின் தையலும் காம்புத் தையலும் மட்டுமே, இரண்டும் உங்களுக்குத் தெரியும். ஓட்டுத் தையல் மட்டும் போதும் என்றால் ஜப்பானின் சஷிகோ இருக்கிறது. கருநீலத் துணியில் வெள்ளை நூலால் ஓடும் சதுரங்களும் அலைகளும் குஷனுக்கு அத்தனை கம்பீரம் தரும். வங்கத்தின் காந்தாவும் ஓட்டுத் தையல்தான். பழைய சேலைகளை அடுக்கி நெருக்கமாகத் தைத்து, அந்தத் தையலாலேயே துணி மேலெல்லாம் மெல்லிய அலை எழும்பும். தரையில் விரிக்கும் விளையாட்டு விரிப்புக்கு இது நல்ல வழி. கறை விழுந்த மேசை விரிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். கறையின் மேல் ஒரு பூவை வைத்து, அதிலிருந்து கொடியை ஓரம்வரை ஓடவிட்டால், அந்த இடத்துக்காகவே வரைந்த படம் மாதிரி ஆகிவிடும்.

வீட்டில் வேறு குழந்தை இருந்தால் அதன் கிறுக்கலைத் தைத்துப் பாருங்கள். ஐந்து வயதுப் பெண் வரைந்த, கால் நேராகத் தலையிலிருந்து முளைக்கும் ஒரு மனிதனை நான் கோடு மாறாமல் அப்படியே காம்புத் தையலில் தைத்துக் கொடுத்தேன். திருத்த வேண்டும் என்று கை துடிக்கும், திருத்தாதீர்கள். அந்தக் கோணல்தான் உயிர். அதைத் தங்கைப் பாப்பாவின் அறையில் மாட்டிய அன்றிலிருந்து வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள்.

ஃப்ரேமோடு சுவரில் மாட்டுவதென்றால், தைத்து முடிக்கும்வரை ஒவ்வொரு இரவும் துணியைக் கழற்றி வைத்துவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் வட்டத் தடமும் அழுக்கும் பதியும். முடிந்ததும் அலசி, கெட்டியான துவாலையின் மேல் முகம் கீழாகப் போட்டுப் பின்னாலிருந்து இஸ்திரி போட்டால் முடிச்சுகள் நசுங்காது. பிறகு முரசுத் தோல் மாதிரி இறுக்கி மாட்டி, மிஞ்சிய துணியை இரண்டு விரல்கடை விட்டு வெட்டி, ஓரமாகப் பெரிய ஓட்டுத் தையல் போட்டுச் சுருக்கி இழுத்து முடிந்துவிடுங்கள். பின்னால் வட்டமாக ஒரு ஃபெல்ட் துண்டு வைத்துத் தைத்தால் வேலை கச்சிதம்.

உங்களுக்கு இருப்பது இரண்டு மாதம். முதல் மூன்று வாரத்தில் தோள்துணி நாலும் பிப் இரண்டும் முடித்துவிடலாம். அப்புறம் துணிப் புத்தகம். கடைசி மாதத்தில் 20 சென்டிமீட்டர் ஃப்ரேம் ஒன்றில் பிறப்புக் குறிப்பைத் தொடங்குங்கள். சுற்றிலும் இலையும் கொடியுமாக வட்டம், அதன் நடுவில் பெயர், தேதி, நேரம், எடை. நடுப்பகுதியைக் காலியாக விட்டு, கொடியை மட்டும் முடித்து வையுங்கள். ஒரு தாளில் 0 முதல் 9 வரை எண்களை உங்களுக்குப் பிடித்த வடிவில் ஒரே உயரத்தில் வரைந்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த செய்தி வந்ததும் வேண்டிய எண்களை எடுத்துத் துணிக்கு மாற்றுவதுதான் பாக்கி, தேதியும் எடையும் அன்று இரவே தைத்துவிடலாம். பாதத்தின் மை அச்சு கிடைத்தால் அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பிறந்த குழந்தையின் பாதம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர்தான், வட்டத்துக்குள் நிஜ அளவிலேயே அடங்கிவிடும். பெயருக்கான இடத்தை மட்டும், பெயர் வைக்கும்வரை அப்படியே விட்டு வையுங்கள்.